அக்காவுக்குக் கரண்டு வைத்த மெஷின்

எங்கள் பக்கத்தில் யாரும் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று சொல்வதில்லை. கரண்டு வைக்கிறது என்பார்கள். தேனிப் பக்கம் கம்பம் ஊரில் இருக்கும் என் அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்த அன்று அத்தான் போனில் அப்படித்தான் சொன்னார். "ஒங்க அக்காளுக்குக் கரண்டு வைக்கணும்ங்கிறாக. நீ அந்த மிசின்லதான வேல பாக்குற? என்ன ஏதுன்னு நீயே வந்து பாத்துக்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. வடக்கே ஒரு ஆய்வகத்தில் துகள் முடுக்கி செய்கிறவள் நான். ஒரு செம்புக் குழாய்க்குள் காற்றே இல்லாமல் உறிஞ்சி எடுத்துவிட்டு, எலக்ட்ரான்களை விட்டு, நுண்ணலையால் உந்தி உந்தி ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது என் தொழில். ஊர் நீளத்துக்கு இருக்கும் பெரிய முடுக்கிகளைப் பற்றித்தான் பத்திரிகைகளில் எழுதுவார்கள். ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கிற மெஷின் அந்த வம்சத்தின் கடைக்குட்டி. உள்ளே இருக்கும் குழாய் ஆள் உயரம்கூட வராது. அதன் ஒரு முனையில் எலக்ட்ரானைக் கக்குகிற ஒரு சின்ன உறுப்பு உண்டு. அதற்குத் துப்பாக்கி என்று பெயர். மறுமுனையில் எலக்ட்ரான் ஒரு உலோகத் தகட்டில் மோதும். அங்கே எக்ஸ்ரே கிளம்பும். அது கட்டியைச் சுடும். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் என் இளமை முழுவதையும் கொடுத்தேன்.

நான் சேர்ந்த புதிதில், ஆய்வகத்தில் துப்பாக்கி செய்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது, வெளியே சொல்லிவிடாதே, பெண் பார்க்க வருகிறவன் பாதி வழியில் திரும்பிவிடுவான் என்றார் அப்பா. சொல்லாமலே யாரும் வரவில்லை, அது வேறு கதை.

எங்கள் குழுவுக்கு ஒரு வெறி இருந்தது. இந்தக் கடைக்குட்டியை நம் ஊரிலேயே, நம் கையால், ஒரு திருகாணிகூட வெளியிலிருந்து வாங்காமல் செய்ய வேண்டும். தேனி மாதிரி ஊர்களில் எல்லாம் ஒன்று நிற்க வேண்டும். பழுதானால் மறுநாளே பாகம் வர வேண்டும். செய்தும் காட்டினோம். முதல் எலக்ட்ரான் கற்றை வந்த அன்று கண்ட்ரோல் ரூமில் லட்டு கொடுத்தோம், நான் அழுதேன். பிறகு ஒரு கமிட்டி வந்தது. அந்தக் கமிட்டியின் அறிக்கையைப் பார்க்க இன்னொரு கமிட்டி வந்தது. எங்கள் தலைவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவருக்கு வேறு ஆசைகள். எந்த ஆஸ்பத்திரி இதை வாங்கும், யார் பொறுப்பு ஏற்பது என்று கேட்டே மெஷினைப் போர்வை போட்டு மூடினார்கள். நாங்கள் செய்த துப்பாக்கிகள் ஒரு கண்ணாடி அலமாரிக்குப் போயின. வருகிற விருந்தாளிகளுக்கு அவற்றைக் காட்டி விளக்கம் சொல்வது என் வேலையானது. அந்த அலமாரியை உடைக்க வேண்டும் என்று எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது.

விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு வந்தேன். அக்காவும் அத்தானும் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. பந்தல்தான் பிள்ளை. சிகிச்சை தேனியைத் தாண்டி ஆண்டிபட்டி ரோட்டில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். சனி, ஞாயிறு தவிர தினமும் பஸ் ஏறி, உத்தமபாளையம், சின்னமனூர் எல்லாம் தாண்டிப் போய், மெஷினுக்கு அடியில் சில நிமிடம் படுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். டாக்டர் வயதில் சின்னப் பெண். முதல் நாளே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது. மழையோ, விசேஷமோ, எதுனாலும் வந்துரணும். நாம விட்டா அது வளரும்."

ஏன் என்று எனக்குத் தெரியும். அடிபட்ட நல்ல செல் ராத்திரிக்குள் தன்னைச் சரிசெய்துகொள்ளும், கெட்ட செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, தினம் தினம் அடிப்பது. நடுவில் நாளை விட்டால் கெட்டதும் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பெருகும். அக்காவுக்கு இதை விளக்கினேன். "களை எடுக்குறத பாதியில விட்டா என்னாகும்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் தூங்கிப்போனாள்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கனத்த கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த டிக்டிக்டிக் ஓசை சீராக வந்தால் உள்ளே கற்றை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். காத்திருக்கும் வராந்தாவில் அக்கா என்னைப் பற்றிப் பெருமை பேசித் தள்ளியிருந்தாள். "இந்த மிசினு எந்தங்கச்சி செஞ்சது." நான் செய்யவில்லை, இது வெளிநாட்டுக் கம்பெனி மெஷின் என்று திருத்தினேன். "அதுக்கு என்ன, அதே மாதிரிதான நீயும் செய்யுற" என்றாள். போடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஏலக்காய் வியாபாரி, தொண்டையில் புற்று, கரகரத்த குரலில் என்னிடம் கேட்டார்: "மலையக் கொடஞ்சு என்னமோ செய்யப் போறாகன்னு சொன்னாகளே, அந்த விஞ்ஞானியா தாயி நீங்க?" அது நியூட்ரினோ ஆட்கள், நான் வேறு என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து எனக்கு நாற்காலி பிடித்து வைத்தார்.

சிகிச்சை பாதி தாண்டியிருந்தபோது மெஷின் நின்றது.

அக்கா உள்ளே படுத்திருந்தாள். ஓசை கேட்டது, தடுமாறியது, நின்றுபோனது. டெக்னீஷியன் மறுபடி போட்டுப் பார்த்தார், வரவில்லை. அக்காவை இறக்கி வெளியே அனுப்பினார்கள். நான் அனுமதி கேட்டு, திரையில் வந்திருந்த எண்களைப் பார்த்தேன். நுண்ணலை போகிறது, வெற்றிடம் சரியாக இருக்கிறது, எலக்ட்ரான் மட்டும் கிளம்பவில்லை. துப்பாக்கி செத்துவிட்டது. உள்ளே இருக்கும் இழை அறுந்திருக்கும். கம்பெனி என்ஜினீயர் மறுநாள் சென்னையிலிருந்து வந்து, அரைநாள் ஆராய்ந்து, அதையேதான் சொன்னார். புதுத் துப்பாக்கி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். "ஒரு வாரத்துல வந்துரும் மேடம்" என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, என் கதை அதைவிடக் கேவலம். என் ஆய்வகத்து அலமாரியில் துப்பாக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் என் கை பட்டது. அவற்றில் ஒன்றுகூட இந்த மெஷினுக்குப் பொருந்தாது. மாட்டுகிற விளிம்பு வேறு, மின்னழுத்தம் வேறு. பொருந்தினாலும் மாட்ட எவனும் விடமாட்டான், விடவும் கூடாது. எங்கள் மெஷினை மூடாமல் இருந்திருந்தால் இந்த வராந்தாவிலேயே அது நின்றிருக்கும். அன்று மதியம் ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து ஆங்காரத்தில் அழுதேன். பக்கத்தில் டீ குடித்தவர்கள், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து எழுந்து போனார்கள்.

மதுரையில் தெரிந்தவர்களை எல்லாம் பிடித்தேன். இடம் இருக்கிறதா, நடுவில் ஒரு நோயாளியைச் சேர்த்துக்கொள்வீர்களா? சேர்க்கலாம், ஆனால் முதலிலிருந்து ஸ்கேன் எடுக்க வேண்டும், புதிதாகத் திட்டம் போட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் உங்கள் மெஷினே ஓடிவிடும் என்றார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில். தினமும் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். விமானத்தில் இருந்தது. பிறகு சுங்கத்தில் இருந்தது. சுங்கத்திலேயே இருந்தது. 'துப்பாக்கி' என்று பெட்டியில் எழுதியிருந்ததால் வந்த வினையோ என்னவோ என்று அத்தான் ஒரு நாள் வேடிக்கையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவுக்கு என் பதற்றம் விளங்கவில்லை. "மிசினுக்கு லீவுன்னா எனக்கும் லீவு" என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டாள். கொத்துகள் கறுத்து வெட்டுக்குத் தயாராக நின்றன. குமுளியிலிருந்து வியாபாரி வருவதாக இருந்தது. பந்தலுக்கு அடியில் குனிந்தபடி நடந்து அவளைத் தேடிப்போய்ச் சண்டை போட்டேன்.

"உனக்கு என்ன நடக்குதுன்னு தெரியுதா அக்கா?"

"தெரியாம என்ன. நீ கத்துனா மட்டும் அந்தச் சாமான் வந்துருமா? இந்தா, இதத் தின்னு."

ஒரு கொத்தைக் கையில் திணித்தாள். என் படிப்பு, நான் எழுதிய கட்டுரைகள், வெளிநாட்டு மாநாடுகளில் பேசியது எல்லாவற்றையும் சேர்த்தாலும் விட்டுப்போகிற நாட்களில் ஒன்றைக்கூட என்னால் அவளுக்கு வாங்கித் தர முடியவில்லை. உள்ளே அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை. சோறு இறங்கவில்லை. அவள் குளித்துவிட்டு வரும்போது, நடக்கும்போது, இருமும்போது எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னடி, பேயப் பாத்த மாதிரி பாக்குற" என்று அதட்டினாள்.

கடைசியில் துப்பாக்கி வந்தது. என்ஜினீயர் குழாயைத் திறந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். இங்கேதான் எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். குழாயைத் திறந்தால் காற்று புகும். மூடிய பிறகு பம்பு போட்டு உறிஞ்சினாலும், செம்பின் சுவரில் காற்றும் ஈரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே முழுச் சக்தியில் ஓட்டினால் உள்ளே மின்னல் வெட்டும், புதுத் துப்பாக்கியும் கருகிவிடும். அதனால் முதலில் கொஞ்சமாக நுண்ணலையைக் கொடுக்க வேண்டும். பொறி வெட்டினால் குறைக்க வேண்டும். குழாய் அடங்கியதும் இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். குழாயைப் பழக்குவது என்று நாங்கள் சொல்வோம். எத்தனை மணி, எத்தனை நாள் என்று அதுதான் தீர்மானிக்கும். எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை ஒரு பெரிய மனிதருக்குக் கற்றையைக் காட்ட வேண்டும் என்று அவசரப்பட்டு ஏற்றினார்கள். அவர் கண்ணெதிரிலேயே துப்பாக்கி போனது. அன்றிலிருந்து கண்ட்ரோல் ரூம் சுவரில் 'பதறாத காரியம் சிதறாது' என்று நான் தமிழில் எழுதி ஒட்டிவைத்தேன். இந்திக்காரர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது, ஆனால் கையால் சுட்டிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

அன்று சனிக்கிழமை. மெஷின் ஓடப்போகிறது என்று யாரோ சொல்லி, யாரும் வரச் சொல்லாமலே எல்லோரும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் இருந்தாள். மாலையில் ஆஸ்பத்திரி மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். என்ஜினீயர் கண் சிவந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் வேகமா ஏத்துனா நாளைக்கே ஓட்டிரலாம் மேடம்" என்றார் என்ஜினீயர். "தாங்கும்னுதான் நெனைக்கிறேன். மெதுவாப் போனா செவ்வாய்க்கிழமை ஆகிரும். கம்பெனி விதிப்படி ரெண்டுமே செய்யலாம்."

மேனேஜர் கைகளைப் பிசைந்தார். "ஞாயித்துக்கிழமைன்னாலும் எல்லாருக்கும் வச்சிரலாம்னு டாக்டர் சொல்லிட்டாக. வெளிய பாத்தீகள்ல, எத்தன பேரு. நீங்க இதுலயே ஊறுனவுக. நீங்க சொல்லுங்க, செஞ்சிருவோம்."

நான் வெற்றிடத்தின் அளவைப் பார்த்தேன். கோடு அடங்கவில்லை, துள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துள்ளலும் உள்ளே ஒரு சின்னப் பொறி. ஏற்றினால் தாங்கியும் இருக்கலாம். என்ஜினீயர் முட்டாள் இல்லை. தாங்காவிட்டால் இன்னொரு துப்பாக்கி, இன்னொரு சுங்கம், வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் இன்னும் பல வாரம். அந்தக் கணத்தில் அக்காவின் நினைவே எனக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டால் சுகமாக இருக்கும். அது பொய். கதவின் கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்தது. அவளுக்கு ஏற்கெனவே போன நாட்கள் போதாதென்று இன்னும் நாட்கள் போகும் என்பது தெரிந்தே வாயைத் திறந்தேன்.

"மெதுவாவே போங்க" என்றேன்.

மேனேஜர் வெளியே போய், என்னைக் காட்டியே எல்லோருக்கும் சொன்னார். விஞ்ஞானியம்மா பொறுக்கச் சொல்லுறாக, செவ்வாய்க்கிழமை வாங்க. முணுமுணுப்பு எழுந்தது. ஏலக்காய் வியாபாரி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அது சம்மதமா சலிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டாள். "சரி, வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். வழியெல்லாம் திராட்சை விலையைப் பற்றியே பேசினாள்.

செவ்வாய்க்கிழமை மெஷின் ஓடியது. அதன்பின் ஒரு நாள்கூட நிற்கவில்லை. விட்டுப்போன நாட்களுக்காக டாக்டர் கணக்குப் போட்டு அளவைக் கூட்டினார். அக்கா சிகிச்சையை முடித்தாள். கடைசி நாளில் டெக்னீஷியன்களுக்கு ஒரு கூடை திராட்சை கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் வடக்கே திரும்பி, அலமாரிக்கு முன்னால் நின்று விருந்தாளிகளுக்கு விளக்கம் சொன்னேன்.

வருஷம் திரும்புவதற்குள் அவளுக்கு முதுகு வலித்தது. பந்தலில் குனிந்து குனிந்து நடப்பதால் என்று நினைத்தார்கள். ஸ்கேனில் முதுகெலும்பில் புற்று தெரிந்தது. கீழேயும் பழைய இடத்தில் மறுபடி முளைத்திருந்தது. மறுநாளே ஓடிவந்தேன். டாக்டரைத் தனியாகப் பிடித்து, நிறுத்தாமல் வைத்திருந்தால் வந்திருக்காதா என்று கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தார். "சொல்ல முடியாது மேடம். எல்லா நாளும் ஒழுங்கா வந்தவுகளுக்கும் திரும்ப வருது. நடுவுல விட்டவுக சில பேரு நல்லாவும் இருக்காக." வாழ்நாள் முழுக்க எந்த அளவைச் சொன்னாலும் கூடவே பிழையின் எல்லையையும் சேர்த்துச் சொன்னவள் நான். இந்த ஒரு பதிலுக்கு மட்டும் எல்லை கிடைக்கவில்லை. செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளிதான் அவளைக் கொன்றதா, இல்லை அது ஒன்றுமே இல்லையா, சாகும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை.

வலியைக் குறைக்க முதுகில் ஒரே ஒரு கரண்டு வைக்கலாம் என்றார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே மெஷின். வராந்தாவில் அக்கா என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். உட்கார முடியவில்லை. பக்கத்தில் புதிதாக வந்திருந்த ஒரு பெண் மிரண்டுபோய் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளிடம், "பயப்படாத ஆத்தா, வலிக்காது. எந்தங்கச்சி பாத்து வச்ச மிசினு" என்றாள். அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள், அவள் எழுந்து உள்ளே போனாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"அன்னைக்கு நீ பொறுக்கச் சொன்னேல்ல" என்றாள் அக்கா.

என் கை அவள் தலையில் அப்படியே நின்றுவிட்டது. "ஆமாக்கா."

"சரியாத்தான் சொன்ன. மிசினு இன்னும் ஓடுதுல்ல. எத்தன பேரு பொழச்சுக்கிட்டாக." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். கோபம் இல்லை, குறை சொல்கிற குரலும் இல்லை. சின்ன வயதில் எதையாவது பங்கு கேட்கும்போது பேசுவாளே, அந்தக் குரல். "நீ எப்பவும் சரியாத்தான் சொல்லுவ. எனக்காக ஒரு தடவ தப்பாச் சொல்லிருக்கலாம்ல?"

உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது. ஓசை சீராக இருந்தது. அடுத்து அக்காவைக் கூப்பிடுவார்கள் என்று நான் அவள் சேலையைச் சரிசெய்துவிட்டேன்.